மண்டபத்தில் பார்த்த தையல்

ஞாயிறு இரவு, கொரியா.

நாளை எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் தர வேண்டிய கிம், இன்று தன் மனைவியோடு என்னையும் என் வீட்டுக்காரரையும் ஒரு பள்ளத்தாக்குக்கு நடக்கக் கூட்டிப்போனார். ஓடைக்கரை நெடுக, அந்தக் காலத்து அறிஞர்கள் உட்கார்ந்து படித்த மர மண்டபங்கள். ஷூவைக் கழற்றிவிட்டு ஒன்றில் நால்வரும் உட்கார்ந்தோம். கிம் கண்மூடித் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டார். என் வீட்டுக்காரர் மெல்லக் குனிந்து, கிம்மின் டீ சர்ட்டின் அடி மடிப்பைப் புரட்டி, இழுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, கையெடுங்க. நாளைக்கு ஆர்டர் பேசோணும்."

"தையல் நம்மூர்தாட்டம் இருக்குது புள்ள."

கிம் கண் திறந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் மனைவியோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எப்போது தொட்டேனோ, அந்தம்மாவின் சட்டைக்கையின் ஓரம் என் விரல்களுக்கிடையில் இருந்தது.

நல்ல காட்டன்தான்.