பதினோராவது இடம்

அன்புள்ள அம்மா,

இதை யாருக்கும் காட்டாதே. நீ இருக்கும் இடத்தில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா, எனக்குத் தெரியாது. ஆனாலும் காட்டாதே, கெஞ்சிக் கேட்கிறேன். படித்துவிட்டு மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொள், பேருந்து அட்டையைச் செருகுவாயே, அப்படி.

பத்து நிமிடத்துக்கு முன்னால் அப்பா சாவியை எடுத்துக்கொண்டு கார் பார்க்குக்கு இறங்கினார். எதையோ விட்டுவிட்டு வந்தாராம். உன் நோட்டு கார்க் கதவின் பையில் இருக்கிறது. நான்தான் மறந்து வைத்துவிட்டேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

முன்பக்கத்திலிருந்து ரவிக்கை அளவுகள், பின்பக்கத்திலிருந்து நீ போக ஆசைப்பட்ட பயணம் என்று சிங்கப்பூர்த் தேக்காவில் உன் தையல் கடையில் வைத்திருந்தாயே, அந்த நோட்டு. மலேசியாவில் மெர்சிங்கிலிருந்து திரங்கானு வரை கடலோரச் சாலை, எண் போட்டுப் பதினோரு இடங்கள். நீ இறந்த அடுத்த வாரமே அத்தை உன் கடைச் சாமான்களைக் கறுப்புப் பைகளில் கட்டினார். "வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா அழுகைதான்லா வரும். தூக்கிப் போட்டுரு தம்பி." அப்பா தலையை ஆட்டினார். அவருக்குத் தலை இருப்பதே அக்காவிடம் ஆட்டத்தான். நான் ஒரு பையைக் கிழித்து நோட்டை மட்டும் எடுத்து ஒளித்தேன். உன் கையெழுத்தில் இந்த வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். அப்பா பார்த்தால் அதுவும் குப்பைக்குப் போகும்.

உனக்கு ஒரு செய்தி. நாங்கள் போய் வந்துவிட்டோம்.

ஆமாம், அதே சாலைதான். வருடா வருடம் நீ கேட்பாய். "எல்லா எடத்துலயும் அதே கடல்தான். வேணும்னா இங்கயே ஈஸ்ட் கோஸ்ட் பீச்ல போய் உக்காரு" என்பார் அப்பா. இந்தப் பள்ளி விடுமுறையில் அத்தை, "பிள்ளைக்கு ஒரு மாத்தம் வேணும் தம்பி" என்று ஒரு கடற்கரை விடுதியைப் பதிவு செய்தார். அப்பாவுக்கு ஒரே நாளில் லீவு கிடைத்தது. உனக்கு மட்டும் ஏன் கிடைக்கவே இல்லை?

அவர்கள் திட்டம் நெடுஞ்சாலை. ஆனால் வழி சொல்லும் வேலை என்னுடையது, அப்பாவுக்குக் கைப்பேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கக்கூடத் தெரியாது. எல்லைச் சோதனைச் சாவடி வரிசையில் நிற்கும்போது 'நெடுஞ்சாலைகளைத் தவிர்' என்பதைத் தட்டினேன். அவ்வளவுதான்.

கோத்தா திங்கி தாண்டியதும் இரண்டு பக்கமும் காடு.

"என்னம்மா, ஒரே காடா இருக்கு?"

"மேப் இப்படித்தான் காட்டுதுப்பா. அந்தப் பக்கம் ஜாம்."

யானைப் படம் போட்ட பலகையைப் பார்த்ததும் அத்தை ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். "யானை வந்தா என்னா பண்ணுவே தம்பி?"

"ஹார்ன் அடிப்பேங்க்கா."

இந்த இரண்டு பேரிடம்தான் உன் பயணம் மாட்டிக்கொண்டது அம்மா.

ரொம்பினில் சவுக்கு மரங்களுக்கு நடுவே கடல் தெரிந்தது. அத்தை அதற்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்தார். செராத்திங்கில் மணல் கோதுமை மாவு மாதிரி இருக்கும் என்று உன் வாடிக்கையாளர் யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். உண்மைதான். அத்தை சப்பாத்தைக் கழற்றவே இல்லை. அப்பா ஒவ்வொரு இடத்திலும் காரை விட்டு இறங்கியதும் கேட்டது, "டாய்லெட் எங்க?"

ஒவ்வொரு இடத்திலும் நிறுத்துவதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? வயிற்றைக் கலக்குகிறது என்றேன். பத்து முறை. குவாந்தானில் ஒரு ராத்திரி தங்கும்படி ஆனது. அத்தை என்னை டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்.

பத்தாவது இடம் மாராங். மீன்பிடிப் படகுகள், தூரத்தில் ஒரு தீவு. அங்கே மட்டும் அப்பா கழிப்பறையைத் தேடவில்லை. மரப்பாலத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

"இந்த எடத்துக்குப் பேரு என்னம்மா?"

"தெரியாதுப்பா."

உன் பெயரையே ஆறு மாதமாகச் சொல்லாதவர். ஊர்ப் பெயர் எதற்கு அவருக்கு?

பதினொன்றுக்குக் கீழே நீ எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். 'ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல், நடுவில் ரோடு மட்டும். இங்கே எப்படியாவது அவரை இறங்க வைக்கணும்.'

விடுதிக்குச் சற்று முன்னால் அந்த இடம் வந்தது. சாயங்காலம். இடது பக்கம் காயல் அசையாமல் கிடந்தது, வலது பக்கம் கடல் இரைந்தது. அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரே ஒரு முறை வயிற்றைப் பிடித்திருந்தால் போதும். நான் வாயைத் திறக்கவில்லை. இவருக்கா, இந்த மனிதருக்கா இதைக் காட்டுவது என்று நினைத்தேன். கார் தென்னந்தோப்புக்குள் திரும்பிவிட்டது. திரும்பி வரும்போது அப்பாவே பலகைகளைப் பார்த்து நெடுஞ்சாலையில் ஓட்டினார்.

அவரைத் தண்டித்தேன் என்றுதான் நேற்று வரை நினைத்தேன். ஆனால் அவரை அங்கே இறக்குவது நீ கேட்டது இல்லையா? அப்படியானால் யாரைத் தண்டித்தேன்?

மின்தூக்கி நம் மாடியில் நிற்கிறது. செருப்புச் சத்தம் கேட்கிறது. கூடத்தில் அத்தையின் குறட்டையைத் தாண்டி என் அறைப் பக்கம் வருகிறது.

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நோட்டைத் தூக்கிப் போட்டாலும் பரவாயில்லை, பதினோரு இடமும் எனக்குத் தெரியும். ஓட்டுநர் உரிமம் வாங்கியதும் போவேன். அங்கே காரை நிறுத்தி உனக்காக இறங்குவேன். தனியாக. அவரைக் கூட்டிப் போக மாட்டேன். சத்தியம்.

உன் ஒரே மகள்

அம்மா, தட்டுகிறார். அத்தை எழுந்துவிடாதபடி, ஒற்றை விரலால்.

"முழிச்சிருக்கியாம்மா?"

கதவுக்கு அந்தப் பக்கம் நோட்டின் பக்கங்கள் புரளும் சத்தம்.

"பத்து எடத்துல நிறுத்த வச்சே. பதினொண்ணுல மட்டும் ஏம்மா என்னை எறக்கி விடல?"