அறுபத்து நான்கு என்று போட்ட பென்டிரைவ்

திங்கட்கிழமை, மதியம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதான் ஒரு கடிதத்தைத் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. குட்டிக்கு முன்பல் ஒன்று விழுந்து, யாரைப் பார்த்தாலும் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் பேசினால் பக்கத்தில் என் தங்கை நிற்கிறாள். மெசேஜ் அனுப்பினால் அது கடைக் கம்ப்யூட்டரிலும் திறந்து கிடக்கிறது, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவளும் அவள்தான். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் தன் மாப்பிள்ளையிடம் இரண்டு வார்த்தை தனியாகப் பேச ஒரு வெள்ளைத்தாளைத் தேட வேண்டியிருக்கிறது. இப்போது அவள் குட்டியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போயிருக்கிறாள். வருவதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

அடுத்த மாதம் பதினான்காம் தேதி அவளும் குட்டியும் உங்களிடம் வந்து சேர டிக்கெட் போட்டாயிற்று. அதற்குள் நீங்கள் ஒரு காரியம் செய்தாக வேண்டும். என்ன காரியம் என்று சொல்வதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் தெரியாது என்று சொல்ல உங்களுக்கு வழி இருக்கக் கூடாது.

நாம் சேர்ந்து நடத்திய கடையை விட்டு நீங்கள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று என் சட்டைப் பையில் ஒரு பென்டிரைவைப் போட்டீர்கள். 'அஞ்சு ஓ.எஸ். ஏத்தியிருக்கேன் மச்சான். இது ஒண்ணு இருந்தா போதும், உங்களுக்கு நான் எதுக்கு' என்று சிரித்தீர்கள். மேலே பெரிதாக 64 ஜிபி என்று அச்சடித்திருந்தது. எட்டு மாதம் அதை வைத்துத்தான் கடையை ஓட்டினேன். எந்த மெஷின் வந்தாலும் சொருகுவேன், பூட் மெனுவுக்குப் போவேன், வருகிற ஐந்து வரிகளில் முதல் வரியைத் தட்டுவேன், புது ஓ.எஸ். ஏறிவிடும். ஒருநாள்கூட மக்கர் பண்ணவில்லை. மற்ற நான்கு வரிகளில் இருந்த பழைய பதிப்புகளை நான் தொட்டதே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

போன மாதம் நர்சிங் கல்லூரியில் கேட்டார்கள். பரீட்சை நடத்தும் மென்பொருள் பழைய ஓ.எஸ்.ஸில்தான் ஓடுமாம். லேபில் இருபத்திரண்டு மெஷின், பரீட்சைக்கு மூன்று நாள். மெனுவில் இரண்டாவது வரி. இதில் என்ன இருக்கிறது, ஒரு நாள் வேலை என்று போனேன்.

அந்த லேபைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக அங்கே இருப்பவர். ஒவ்வொரு கீபோர்டுக்கும் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார். ஏழாம் நம்பர் காலையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பத்து நிமிஷம் விட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

முதல் மெஷினில் போட்டேன். நன்றாகத்தான் ஆரம்பித்தது. நாற்பத்து மூன்று சதவீதத்தில் நின்று, தேவையான கோப்பைப் படிக்க முடியவில்லை என்றது. முன்பக்கத்தில் இருந்து பின்பக்கத்துக்கு மாற்றிச் சொருகினேன். பயாஸுக்குள் போய் பூட் முறையை மாற்றினேன், திரும்பப் பழையபடியே வைத்தேன். ஹார்டு டிஸ்கின் ஒயரைக் கழற்றி வேறு ஒயர் போட்டேன். ரேமை எடுத்து ரப்பரால் தேய்த்து மாட்டினேன். நாற்பத்து மூன்று. பக்கத்து மெஷினில் நாற்பத்து மூன்று. அதற்கடுத்ததிலும் அதே நாற்பத்து மூன்று. மூன்று மெஷினும் ஒரே எண்ணில் நிற்கிறதே, அப்போதாவது என் மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா?

உறைக்கவில்லை. ஆனால் லேப் அக்காவுக்கு உறைத்தது. 'தம்பி, வேற பென்டிரைவ்ல ஒருதடவை போட்டுப் பார்க்கலாமா?' என்று மெதுவாகக் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'அக்கா, இது எங்க மாப்பிள்ளை போட்டுக் கொடுத்தது' என்றேன். அவர் நகர்ந்து போய் கீபோர்டு உறைகளை மடித்து வைத்தார்.

ஆனாலும் சந்தேகம் வேண்டாம் என்று கடைக்கு வந்து நம் மெஷினில் அதே பென்டிரைவைச் சொருகிப் பார்த்தேன். பழக்கதோஷம், விரல் முதல் வரியைத்தான் தட்டியது. இருபது நிமிஷத்தில் அழகாக ஏறியது. அப்புறம் என்ன, பென்டிரைவ் பத்தரைமாற்று, கோளாறு கல்லூரியில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டாவது வரியை இங்கே ஒருதடவை தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. நேற்றுத் தொழிலுக்கு வந்தவன்கூட அதைச் செய்திருப்பான்.

மறுநாள் கல்லூரி முதல்வர் அம்மா என்னைக் கூப்பிட்டு என்ன கோளாறு என்று கேட்டார். லேபில் ஏசி ஒழுகிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். ஈரம் ஏறியிருக்கிறது, பார்த்துக்கொண்டவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று வாய் கூசாமல் சொன்னேன். ஏசி ஒழுகுகிறது என்று லேப் அக்கா நான்கு முறை எழுதிக் கொடுத்திருந்தாராம், அது பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளை வேறொரு கல்லூரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பரீட்சை நடத்தினார்கள். அந்த வாரக் கடைசியில் லேப் அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அவர் கடைக்கு வந்தார் மாப்பிள்ளை. சண்டைக்கு இல்லை. நான் லேபிலேயே விட்டுவிட்டு வந்த ஸ்க்ரூடிரைவர் செட்டைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். 'எல்லாம் இருக்கான்னு எண்ணிப் பாத்துக்கங்க தம்பி, அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது' என்றார். எண்ணிப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். நிமிரும்போது அவர் போய்விட்டிருந்தார்.

பத்து நாள் கழித்து ஒரு போட்டோக்காரர் வந்தார். நம் கடையில் வாங்கிய பென்டிரைவ், அதே 64. ஆயிரத்துச் சொச்சம் படம் திறக்கிறதாம், மீதிப் படங்களுக்குப் பெயர் இருக்கிறதே தவிர உள்ளே ஒன்றும் இல்லை. கேமராவில் இருந்ததை ஏற்கெனவே அழித்துவிட்டார். கவுண்டரில் இருந்த என் தங்கையைத்தான் அவர் பிடிபிடியென்று பிடித்தார். அவள் பென்டிரைவை வாங்கி என்னிடம் நீட்டினாள். நிரம்பும்வரை கோப்புகளை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சோதித்தேன். ஏழரை ஜிபிகூட இல்லை. அறுபத்து நான்கு என்று கம்ப்யூட்டரிடமே பொய் சொல்லும்படி பண்ணியிருக்கிறார்கள். அதற்கு மேல் போடுவதெல்லாம் காற்றில் போகிறது.

அப்போதுதான் என் பையில் இருப்பதை எடுத்துச் சோதித்தேன். அதுவும் அதே. முதல் ஓ.எஸ். முழுதாக உள்ளே இருக்கிறது. இரண்டாவது பாதியோடு அறுந்து நிற்கிறது. மற்ற மூன்றும் பெயரளவுக்குத்தான்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் உங்களுக்காகத்தான் வயிறு எரிந்தது. எவனோ என் மாப்பிள்ளையை நன்றாக ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்தேன். 'அவருக்குத் தெரிஞ்சிருக்காது அண்ணா' என்றாள் உங்கள் மனைவி. ஆமாம்மா என்றேன். மிச்சம் எத்தனை இருக்கிறது, எல்லாவற்றையும் உடைத்துப் போடலாம் என்று உங்கள் மேஜையின் அடி டிராயரைத் திறந்தேன். பெட்டியில் பதினொன்று இருந்தது. ஒன்றில் மட்டும் வெள்ளை டேப் சுற்றி, உங்கள் கையெழுத்தில் 'உள்ளே 7.4' என்று எழுதியிருந்தது. கீழே தேதியும் போட்டிருக்கிறீர்கள், எப்போதுமே எல்லாவற்றுக்கும் தேதி போடுகிற ஆள்தானே. அது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் சனிக்கிழமைதான் '64 ஜிபி பாதி விலை' என்று வாசலில் நீங்களே பலகை மாட்டினீர்கள்.

இதற்கு மேல் நீங்கள் உங்கள் என்று எழுதக் கை வரவில்லை. பதினாறு வருஷம் வாடா போடா என்றுதான் இருந்தோம். கல்யாணமான பிறகு அம்மா அதட்டித்தான் இந்த மரியாதை வந்தது. கொஞ்ச நேரம் அதை ஓரமாக வைக்கிறேன்.

ஏன்டா? ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் தெரிந்தே விற்றாய், அதுவே கேவலம். எனக்கு ஏன்டா கொடுத்தாய்? நாம் இரண்டு பேரும் வைத்து வேலை பார்த்த பழைய கறுப்பு பென்டிரைவ், போலி இல்லாத நல்ல பென்டிரைவ், அதை உன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டு, இதை என் பையில் போட்டாயே. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தப்பென்றால் சொல். மச்சான் முதல் வரியைத் தவிர வேறெதையும் தட்ட மாட்டான், அது வேலை செய்தால் போதும் என்று கணக்குப் போட்டிருப்பாய். நீ போட்ட கணக்கு சரிதான், எட்டு மாதம் நான் வேறெதையும் தட்டவில்லை. என்னை இவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாயே, அதுதான் தாங்க முடியவில்லை. திருடன் ஏமாற்றினால் கோபம் வரும், ஒருநாளில் போய்விடும். இது நெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறது.

சரி. மறுபடி மரியாதைக்கு வருகிறேன்.

முதல்வர் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். எழுத்தில் கொடுங்கள் என்றார். கடைக்கு வந்து, கடையின் கடிதங்களை எல்லாம் டைப் பண்ணுகிற என் தங்கையையே, நான் சொல்லச் சொல்ல, டைப் பண்ண வைத்தேன். கல்லூரி மெஷின்களில் கோளாறில்லை, எங்கள் பென்டிரைவ் போலி, லேப் பொறுப்பாளர் மேல் எந்தத் தவறும் இல்லை. கடைசியில், அந்தப் பென்டிரைவை வாங்கியவனும் சோதிக்காமல் பயன்படுத்தியவனும் நானே என்று சொன்னேன். அவள் விரல் நின்றது. 'அந்தப் பெட்டி வந்த வாரம் நீ ஆஸ்பத்திரியில அம்மாகூட இருந்தியேண்ணா' என்றாள். நீ டைப் பண்ணு என்றேன். பண்ணினாள். நான் உங்களைக் காப்பாற்ற அப்படிச் சொல்லவில்லை, அந்த ஆசையே வேண்டாம். மூன்று வாரத்தில் விமானம் ஏறப் போகிறவள் தன் புருஷன் பண்ணியதைத் தன் கையாலேயே டைப் பண்ண வேண்டாம் என்று நினைத்தேன்.

கடிதத்தைக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. வேறு ஆளைப் போட்டாயிற்று, இதை ஃபைலில் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். பிரதி ஒன்றை லேப் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். இதைப் படித்துவிட்டு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டார், சொன்னேன். மடித்து என்னிடமே கொடுத்து, 'நீங்களே வச்சுக்கங்க தம்பி, எனக்கு இது எதுக்கு' என்றார். இப்போது ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டு வேலை பார்க்கிறார். நாற்காலி கிடையாதாம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். என் தங்கையிடம் நீங்களே சொல்லுங்கள். தெரிந்துதான் வாங்கினேன், தெரிந்துதான் விற்றேன், தெரிந்துதான் உன் அண்ணனிடம் கொடுத்தேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு அவள் வந்தால் சந்தோஷம், நானே ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறேன். டேப் சுற்றிய அந்தப் பென்டிரைவ் என் பீரோவில் இருக்கிறது. அதைக் காட்டி ஒரு பெண்ணைப் புருஷனிடமிருந்து பிரித்தேன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அதை மறைத்து அவளை அனுப்பவும் என் மனசு கேட்கவில்லை. டிக்கெட் போட்டு இரண்டு வாரமாயிற்று, பயணப் பெட்டியைப் பரணிலிருந்து அவள் இன்னும் இறக்கவே இல்லை. நீங்கள் போன் பண்ணினால் ஒரு நிமிஷம் பேசிவிட்டுக் குட்டியிடம் கொடுத்துவிடுகிறாள், கவனித்தீர்களா?

இத்தோடு முடித்து மடிக்கலாம் என்று பார்த்தேன், உங்கள் வேலையிட முகவரி என்னிடம் இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் குட்டியோடு வந்துவிட்டாள். தாளைக் கவிழ்த்து வைத்தேன். அவள் என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. உறையை என் கையிலிருந்து வாங்கி, யாருக்கு என்றுகூடக் கேட்காமல் உங்கள் முகவரியை எழுதினாள். உறைமேல் இருப்பது அவள் கையெழுத்துதான், பார்த்திருப்பீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, 'பதில் போட்டா என் பேருக்குப் போடச் சொல்லுண்ணா' என்றாள்.

அவள் பேருக்கே போடுங்கள் மாப்பிள்ளை. சீக்கிரம் போடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்