மாடி வீட்டிலிருந்து இறக்கிய நாள்

நவம்பர் 11, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். மாடி பாத்ரூம் தண்ணீர் தன் வீட்டுச் சுவரில் இறங்குகிறது என்று கீழ் வீட்டுக் கோதண்டம் மறுபடி புகார். பிளம்பருக்கு மூன்று முறை போன். எடுக்கவில்லை.

செய்ய: தொட்டி கழுவ. கேட்டுக்கு எண்ணெய். மாடியில் பேச.

மதியம் மாடிக்குப் போனேன். வசந்தா ஓயாமல் துணி அலசுகிறாள், அதுதான் காரணம். அவள் புருஷன் சேகர், ஆட்டோ ஓட்டுகிறவர், கட்டிலில் எலும்பும் தோலுமாய். வயிற்றில் புற்று. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். ஆறு வருடமாய்க் குடியிருக்கிறார்கள். வியாதி விஷயம் இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"சொன்னா காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு பயந்துக்கினு இருந்தேன்க்கா."

சேச்சே என்றாவது சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 13, வியாழன்
பிளம்பர் வந்தான். இடுக்கில் சிமெண்ட் பூசினான். கசிவு நின்றது.

சாயங்காலம் கோதண்டமும் மனைவியும். கசிவைப் பற்றி இல்லை.

"இருபத்து மூணாம் தேதி பொண்ணுக்கு நிச்சயம்மா. வீட்லதான் வெச்சிருக்கோம். மேல அவரு இழுத்துக்கினு கெடக்குறாரு. நடுவுல எதுனா ஆச்சின்னா பேஜாரு. வீட்டுக்காரம்மா நீங்கதான் பேசணும்."

அவர் மனைவி மெதுவாக: "சாவு வுழுந்த வீடுன்னா அப்புறம் மாடிக்கு யாரு குடி வருவாங்க?"

அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது. இந்த இரண்டு வீட்டு வாடகையில்தான் என் சாப்பாடு.

நவம்பர் 14, வெள்ளி
சொல்லிவிட்டேன்.

சேகர் தூங்குவதாக நினைத்துக்கொண்டு, வசந்தாவிடம் குரலைத் தாழ்த்தி: "நிச்சயம் முடியற வரைக்கும் கண்டமங்கலத்துல உங்க அண்ணன் வீட்ல வெச்சிப் பாத்துக்கயேன். பத்து நாள்தானே."

கட்டிலிலிருந்து சேகரே: "நாளைக்கே போயிடறோம்மா. நீங்க சங்கடப்படாதீங்க."

ராத்திரி சாப்பாடு இல்லை.

நவம்பர் 15, சனி
வெயில். பத்து மணிக்கு வேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் இறக்கினார்கள். கோதண்டமும் ஒரு கை பிடித்தார். படிக்கட்டுத் திருப்பத்தில் மூச்சு வாங்க நிறுத்தச் சொன்னார் சேகர். என்னைப் பார்த்து, "பாத்ரூம் ஒழுகறது நின்னுடுச்சாம்மா?"

நின்றுவிட்டது என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்
விடியற்காலையில் சேகர் போய்விட்டார். வசந்தாவின் அண்ணன் போனில் சொன்னார்.

விழுப்புரம் பஸ். அங்கிருந்து பாண்டி பஸ்ஸில் கண்டமங்கலம். நல்ல மழை. பூக்கடையில் மாலை வாங்கினேன்.

வசந்தா திட்டுவாள் என்று நினைத்துப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு நாளா வூட்டுக்குப் போலாம், வூட்டுக்குப் போலாம்னு சொல்லிக்கினே இருந்தாருக்கா. இது எங்க அண்ணன் வூடுதானேன்னா, இது இல்ல, மாடி வூடுன்னாரு."

என் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரியில் கடைசியாக அதைத்தான் கேட்டார். கூட்டிவர முடியவில்லை. எனக்கா தெரியாது அது.

நவம்பர் 23, ஞாயிறு
நிச்சயம். நல்ல கூட்டம். பெண் பச்சைப் பட்டில் லட்சணமாய். இலையில் உட்கார்ந்தேன், பாதியில் எழுந்துவிட்டேன். கோதண்டம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும்.

நவம்பர் 29, சனி
வசந்தா சாமான் எடுக்க அண்ணனோடு வந்தாள். எல்லாம் ஏற்றியபின் வீட்டைப் பெருக்கித் துடைத்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

"எங்கயும் போவாத வசந்தா. இங்கயே இரு."

"வேணாம்க்கா. அவர எறக்கின படியில தெனம் ஏறி எறங்கணுமே."

சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு நேரம் பக்கத்திலேயே நின்றேன். கேட்கவில்லை.

டிசம்பர் 3, புதன்
மாடி வீடு பார்க்க ஓமந்தூரிலிருந்து புருஷன் பெண்சாதி. தண்ணீர் எத்தனை மணிக்கு, பைக் எங்கே விடுவது, எல்லாம் கேட்டார்கள். பிடித்துவிட்டது. படியிறங்கும்போது அந்தப் பெண் தயங்கி, "தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த வூட்ல யாருனா செத்துருக்காங்களா?"

"இல்ல" என்றேன்.

பொய் இல்லை. திங்கட்கிழமை பால் காய்ச்சுகிறார்கள்.