சப்பாத்துச் செய்தி

இன்று காலை என் மருமகன் புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் தன் வீட்டு ஹாலில் ஒரு பச்சைப் பாயை விரித்தான். ஓரத்தில் ஒரு குழி, கையில் கோல்ப் மட்டை. "மாமா, நீங்க கிளப்புல வேல பாத்தவருதானே, ஒரு தட்டு தட்டுங்க லா" என்றான். வெறுங்காலோடு ஏறி நின்றேன். உன் நினைப்பு வந்துவிட்டது, கூட்டாளி. இடுப்பு வலி என்று பொய் சொல்லி இறங்கிவிட்டேன்.

எண்பத்து மூன்றாம் வருடம் நாம் இருவரும் தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடித்துக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை மட்டும் தோட்டத்துக் கோல்ப் கிளப்பில் புல் வெட்டு. வேலை முடிந்ததும் துரை தூக்கிப்போட்ட வளைந்த மட்டையை எடுத்துக்கொண்டு நம் விளையாட்டு ஆரம்பமாகும். தட்டிய பந்து குழியில் விழாவிட்டால், மட்டை நீளத்துக்குப் பின்னால் இழுத்துவைத்து மறுபடி தட்ட வேண்டும். நான் இழுத்து இழுத்துப் புல் ஓரத்துக்கே போய்விடுவேன். நீ பாதத்தால் புல்லைத் தடவித் தடவி நடந்து, மேடு பள்ளம் பார்த்து, ஒரே தட்டில் போடுவாய். "கண்ணு ஏமாத்தும்டா, காலு ஏமாத்தாது" என்பாய். உன் பேச்சைக் கேட்டுத்தான் என் ஆட்டமும் தேறியது.

அந்தக் கோல்ப் திடலைக் கவனிக்க நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நம் ஆட்டத்தை ஒரு நாள் பார்த்துவிட்ட மானேஜர், சனிக்கிழமை மெம்பர்கள் முன்னால் இருவரும் ஆட வேண்டும், ஜெயிப்பவனுக்கே வேலை என்றார். அவர்களுக்கு அது சேவல் சண்டை. உனக்கோ உயிர்ப் பிரச்சினை. மருந்துப் பம்பைச் சுமந்து சுமந்து அப்போதே நெஞ்சு பிடித்து இருமிக்கொண்டிருந்தாய்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு வெறுங்கால்ல ஏத்த மாட்டாங்க. சப்பாத்து போட்டுப் பழகிக்குங்க. அவன்கிட்டயும் சொல்லிடு."

சொல்லத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் வந்தேன். உன் மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். குடித்தேன். மழையைப் பற்றிப் பேசினேன். எழுந்து வந்துவிட்டேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? நேராகத் தோட்டத்துக் காற்பந்துத் திடலுக்குப் போய், என் அண்ணனுடைய சப்பாத்தை மாட்டிக்கொண்டு இருட்டும்வரை தட்டிப் பழகினேன்.

மறுநாள் நீ காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து நின்றாய். நம்மை வேலை வாங்கும் மண்டோர் யாருடைய சப்பாத்தையோ கொண்டுவந்து மாட்டிவிட்டார். அதில் உன் கால் நீந்தியது. ஒவ்வோர் அடிக்கும் அது கழன்றது. மெம்பர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். பந்தை மூன்று முறை பின்னால் இழுத்தாய். நான் ஒரே தட்டில் போட்டேன்.

"ஒனக்குக் கெடச்சதே போதும்டா" என்று என் தோளைத் தட்டினாய். திங்கட்கிழமை நீ மீண்டும் பம்பைத் தூக்கினாய். நான் தொப்பி போட்டுக்கொண்டு தண்ணீர் தெளித்தேன். அந்த வேலையாவது நிலைத்ததா? மூன்றே வருடத்தில் திடலை உழுது செம்பனைக் கன்று நட்டுவிட்டார்கள். இந்தப் பாழாய்ப்போன மூன்று வருடத்துக்காகத்தான் உன்னை நம்பவைத்துக் கழுத்தறுத்தேன்.

எண்பத்தொன்பதில் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன். மூச்சுக்குத் தவித்துக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரரிடம், "இவன் என்னமா தட்டுவான் தெரியுமா!" என்று என்னைப் பற்றிப் பெருமையடித்தாய். நான் உன் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். எதற்குப் பிடித்தேன் என்று உனக்குத் தெரியவில்லை. "விடுறா, கூசுது" என்று சிரித்தபடி காலை இழுத்துக்கொண்டாய்.

அன்றும் விழுங்கிவிட்டேன். இன்று எழுதுகிறேன், கேட்க நீ இல்லை என்ற தைரியத்தில்.