மகனுக்குக் கிடைத்த வீடு

கல்முனை
1974 ஏப்ரல் 21

அன்புத் தங்கச்சி ஸவாஹிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் படுக்கையில் கிடக்கும் உன் மாமியும் குறைவில்லாமல் இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். நானும் சுகம். கடிதம் என்றால் முதலில் சுகம் என்றுதானே எழுத வேண்டும், எழுதிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

பதுளையிலிருந்து வந்த பஸ் மொனராகலையைத் தாண்டும்போதே சால்வையைக் கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு அதற்கு வேலை வரவில்லை. ஸரூக் என் தோளைத் தட்டி, ‘பாருங்க உம்மா, இனி மலையே இல்ல’ என்று காட்டினான், ஏதோ பெரிய நோயிலிருந்து என்னை மீட்டுக்கொண்டு போகிறவன் போல. மகன் முகத்தில் அத்தனை சந்தோஷத்தைப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது. அதனால் நானும் மாஷா அல்லாஹ் என்று சொல்லி வைத்தேன். உன் வீட்டை ஒட்டி நான் வாடகைக்கு இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் தன் மகளுக்கென்று திருப்பிக் கேட்டபோது, ‘இனி தனிய ஈக்க ஏலா உம்மா, என்னோட வாங்க’ என்று ஓடி வந்தவன் அவன்தானே. ஒற்றைப் பிள்ளை கூப்பிட்டால் வர மாட்டேன் என்று எந்த உம்மா சொல்வாள்.

கல்முனை எப்படி என்று நீ கேட்பாய். சத்தம், அதுதான் முதல் பதில். விடியற்காலை சுபஹு பாங்குக்கு முன்னரே கரைவலை இழுக்கிறவர்களின் கூச்சல், அது ஓய மீன்காரனின் சைக்கிள் ஹோர்ன், பிறகு அக்கரைப்பற்று பஸ், மட்டக்களப்பு பஸ், நெல் லொறிகள். சம்பள நாளில் தேயிலைத் தோட்டத்துச் சனம் பதுளை பஸாரில் இறங்கினால் ஒரு இரைச்சல் எழும்புமே, அது இங்கே நித்தமும். ஆனால் இதையெல்லாம் நான் காதால் கேட்டு எழுதுகிறேன், கண்ணால் பார்த்தல்ல. இங்கே மானமுள்ள வீட்டுப் பெண்கள் பஸாருக்குப் போவதில்லையாம். ஆண்கள் வாங்கி வந்து கொடுப்பார்களாம். குடையைப் பிடித்துக்கொண்டு ஏற்றமும் இறக்கமும் நடந்து, கத்தரிக்காய்க்குப் பேரம் பேசி, உன்னோடு ஆஸ்பத்திரிச் சந்தியில் நின்று நாலு கதை கதைத்துவிட்டு வந்த ஹம்ஸியா, இப்போது தென்னோலைக் கிடுகு வேலிக்குள் உட்கார்ந்து எந்தச் சத்தம் எந்த பஸ் என்று பாடம் பண்ணுகிறாள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதாம். வந்து மூன்று கிழமையாகிறது, அதன் நிறம் இன்னும் எனக்குத் தெரியாது.

மணல்தான் பெரிய தொல்லை. பாயில் மணல், சோற்றில் மணல், காதுக்குள் மணல். நடந்தால் கால் புதைகிறது. மலையேறிய முழங்காலுக்கு சமதரை சுகமாக இருக்கும் என்று ஸரூக் சொன்னான். எனக்கு முன்னெல்லாம் முழங்கால்தான் நொந்தது, இப்போது கெண்டைக்காலும் சேர்ந்து நோகிறது.

வந்த மறுநாள் காலையில் ஒரு பிழை செய்துவிட்டேன். நம் ஊரில் மாமி எழும்பிக் குசினிக்குள் போவாள், மருமகள் பின்னால் வருவாள், அதுதானே முறை. நானும் போய் அடுப்பை மூட்டி ரொட்டிக்கு மா பிசையத் தொடங்கினேன். மருமகள் முஹ்ஸினா வந்து வாசலில் நின்றாள். அவள் தங்கை லரீபா வந்து நின்றாள். கடைசியில் அவர்களுடைய உம்மா ரஹ்மத்தும்மா வந்தார். ரஹ்மத்தும்மா தண்ணீர் வார்த்து என் கையிலிருந்த மாவைக் கழுவிவிட்டு, ‘நீங்க இரிங்க மச்சி, நாங்க செய்யிறம்’ என்று முன்னறைக்குக் கூட்டி வந்து சாய்மனைக் கதிரையில் இருத்திவிட்டார். அத்தனை மரியாதை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசி மனம் ஆறியிருப்பேன்.

அன்றைக்கு இருந்த கதிரைதான். சாப்பாடு பூப்போட்ட பீங்கானில் வருகிறது, ஆணம் மூடிபோட்ட கிண்ணத்தில் வருகிறது, நான் தனியாக உண்கிறேன். அவர்கள் குசினியில் ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக் கதைத்துச் சாப்பிடுகிறார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்களே, எனக்கு விருந்து இன்னும் முடியவில்லை. அதைவிட நெஞ்சைச் சுட்டது என்னவென்றால், ஸரூக்குக்கும் அதே பூப்போட்ட பீங்கான்தான். கலியாணமாகி ஆறு வருஷம், மகளுக்கு நாலு வயது, இன்னும் அவனுக்கு மாப்பிள்ளைச் சாப்பாடு. உப்பில்லை என்றாலும் வாய் திறக்க மாட்டான். சட்டியைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளிக்கிற பையன் அவன், உனக்குத் தெரியாததா.

பெண் வீட்டார் வீடு கொடுக்கிறார்கள் என்று அவன் கலியாணம் பேசியபோது நான் தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். இந்தப் பக்கத்து வழக்கம் இப்போதுதான் விளங்குகிறது. வீடு மகளுக்கு எழுதுவது, மாப்பிள்ளை அதற்குள் வந்து இருப்பவன். அவன் நிற்கிற புடவைக் கடையும் மாமனார் இத்ரூஸ் ஹாஜியாருடையது. மகனுக்கு வீடு கிடைத்தது என்று நினைத்தேன் ஸவாஹிரா, வீட்டுக்குத்தான் மகன் கிடைத்திருக்கிறான்.

சரி, புது இடம், பழகிவிடும். பூனாகலைத் தோட்டத்துப் பெரியாயி ஆஸ்பத்திரிக்கு வந்தால் உன்னிடம் விட்டுவந்த என் கம்பளியை அவளிடம் கொடு. தோட்டத்தில் வேலையும் இல்லை, மாவும் இல்லை என்று போன முறை வந்து அழுதாள். உன் மாமிக்கு என் ஸலாம் சொல்லு. அல்லாஹ் உன் கைக்கு அலுப்பைத் தராமல் இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.
உன் ராத்தா ஹம்ஸியா


கல்முனை
1974 ஆகஸ்ட் 18

அன்புத் தங்கச்சி ஸவாஹிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டில் எல்லாரும் நலம் என்று வாசித்து அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். என் சுகத்தைப் பற்றி இந்த முறை பொய் எழுதப் போவதில்லை. நான் சுகமாக இல்லை. இந்தக் கடிதத்தை நீ தனியாக இருக்கும்போது வாசி.

இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிறவர்களின் பட்டியலில் பெரியாயியின் பெயர் வந்துவிட்டது, குடும்பத்தோடு கப்பலேறுகிறாள் என்று எழுதியிருந்தாய். ‘எங்க காம்பராவுல உங்களுக்கு ஒரு மூல எப்பவும் இருக்குங்கம்மா’ என்று தன் தோட்டத்து அறையைப் பற்றி அவள் சொல்வாள். விளையாட்டுக்குச் சொன்னாலும் அது ஒரு பலமாக இருந்தது. இப்போது அவளுக்கே மூலை இல்லை.

இங்கே கச்சான் காற்று வீசுகிறது. அடுப்புக்குள் இருந்து வருகிற மாதிரி அனல். இந்தக் காற்றில்தான் லரீபாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். நல்ல பிள்ளையாம், சம்மாந்துறைப் பக்கம். நல்லது, அவள் நன்றாக இருக்கட்டும். எனக்கு அவள்மேல் ஒரு கோபமும் இல்லை, தலைக்கு எண்ணெய் வைத்துவிட்ட ஒரே ஆள் அவள்தான்.

இந்த வீடு ஒரு கூரைக்குக் கீழே இரண்டு பாதி. ஒரு பாதி முஹ்ஸினாவுக்கு எழுதியாகிவிட்டது. அதில் அவளும் ஸரூக்கும் பிள்ளையும் படுக்கும் ஓர் அறையும் முன்னறையும் மட்டும்தான். மற்றப் பாதியை லரீபாவுக்கு எழுதுகிறார்கள். நான் படுக்கிற அறை அந்தப் பாதியில் இருக்கிறது. அதுதான் மணவறையாம், வெள்ளை அடித்தாகிவிட்டது. என்னை எழும்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள், அவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. ஒரு நாள் காலையில் என் பெட்டியும் பாயும் முன்னறை மூலைக்கு வந்துவிட்டன. இரண்டு பாதிக்கும் வாசல் அதுதான். புதிதாக ஒரு மாப்பிள்ளையும் அவருடைய ஆட்களும் வந்துபோகிற முன்னறையில் ஒரு பொம்பிளை எப்படிப் படுப்பாள், எங்கே முந்தானையை அவிழ்த்து உதறுவாள், நீயே சொல்லு.

ரஹ்மத்தும்மா எங்கே போகிறார் என்று கேட்பாய். பின்வளவில் ஒரு சின்னக் குடில், அதற்குப் புதுக் கிடுகு போட்டிருக்கிறார்கள். என்னைக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டினார். ‘எனக்கும் அவருக்கும் இது காணும் மச்சி’ என்றார். இந்த ஊரில் உம்மாமார் எல்லாரும் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்வளவுக்குப் போகிறார்கள், அதில் அவர்களுக்குக் குறையே இல்லை. பிறகு என் முகத்தைப் பார்த்து, ‘உங்களுக்கு ஒரு மகள் இல்லாமப் போச்சே’ என்று கண் கலங்கினார். மெய்யாகவே கலங்கினார். மகன் பிறந்தபோது பதுளையில் சீனி வாங்கி வீடு வீடாகக் கொடுத்தவள் நான். இங்கே எனக்காக ஒருத்தி அழுகிறாள்.

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். பெண்கள் உள்ளே வந்து ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்தார்கள். மூலையில் இருந்த என்னையும் பார்த்து, இது யார் என்று கேட்டார்கள். ‘என்ட மாப்பிள்ளட உம்மா, பதுளையில இருந்து பாக்க வந்திரிக்காங்க’ என்று முஹ்ஸினா சொன்னாள். நான் வந்து ஐந்து மாதமாகப் போகிறது. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைக்கு வேறு சொல் தெரியாது. நானும் சிரித்துக்கொண்டு, ஆமாம், பார்க்க வந்தேன் என்றேன். அவர்கள் போன பிறகு கிணற்றடி மறைப்புக்குள் போய்த் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் மௌத்தாகிக் கண்மூடிய அன்றுகூட நான் இப்படி அழவில்லை.

நான் அழுதது ஸரூக்கின் காதுக்கு எட்டிவிட்டது. மாமனாரிடம் போய், உம்மாவுக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறான். ஆறு வருஷத்தில் அவன் அந்த வீட்டில் கேட்ட முதல் கேள்வி அது. ஹாஜியார் கோபப்படவில்லை. ‘மாப்பிள்ள, உங்களுக்கு என்ன கொற வச்சம்’ என்று மட்டும் கேட்டாராம். ஸரூக் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போய்விட்டான்.

மறுநாள் பின்னேரம் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். ஒருவழியாகக் கடலைப் பார்த்தேன். பெரிய தண்ணீர், வேறென்ன சொல்ல. தோணிகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள், மீனை ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள், எல்லாருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. நாங்கள் இருவர் மட்டும் வேலையில்லாமல் நின்றோம். ‘பஸாருக்குப் பின்னால ஓர் அறை ஈக்கி உம்மா, நாம ரெண்டு பேரும் அங்க போவோம்’ என்றான். பெண்சாதி பிள்ளை என்று கேட்டேன். ‘அவ வர மாட்டா, இங்க பொம்புளைங்க வீட்ட விட்டு வாறல்ல’ என்றான். அறைக்கு வாடகை எப்படிக் கொடுப்பாய் என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டை விட்டு இறங்கினால் கடையும் போய்விடும் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னான். அவனுடைய மகள், வாப்பா கடையிலிருந்து வரும் வரைக்கும் வாசல் கடப்படியிலேயே நிற்கிற குட்டி. அவளை விட்டுவிட்டு என்னோடு வந்து ஓர் அறையில் உட்கார்ந்து, இவன் என்ன ஆவான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளையை நினைப்பான். பெற்றவளை வெறுக்கிற நாள் ஒன்று வரும். அதைப் பார்க்க எனக்கு ஏலாது ஸவாஹிரா.

அதனால் ஒரு பொய் சொல்லிவிட்டேன். ‘போடா பைத்தியக்காரா, ஸவாஹிரா என்னை வரச் சொல்லி எழுதியிருக்கிறாள், இந்த வெயிலும் மணலும் எனக்கு ஒத்துவராது, உன்னிடம் எப்படிச் சொல்வதென்று பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்றேன். அவன் நம்பவில்லை. கடிதத்தைக் காட்டுங்கள் என்றான். அடுத்த கடிதம் வரட்டும், அதில் விபரமாக எழுதுவாள் என்று சமாளித்தேன்.

இப்போது புரிகிறதா, நான் உன்னிடம் என்ன கேட்கிறேன் என்று. அந்தக் கடிதத்தை எழுது தங்கச்சி. ஸரூக் வாசிக்கும்படி எழுது. உன் வீட்டு அமைப்பு அவனுக்குத் தெரியும், அதனால் பின்பக்கம் சுவரோடு சாய்ப்பாகப் புதிதாக ஒரு பத்தி இறக்கியிருக்கிறோம், ராத்தாவுக்கென்று கட்டிலும் போட்டுவிட்டோம், மாமியைப் பார்த்துக்கொள்ள எனக்கும் ஒரு துணை வேண்டும் என்று எழுது. உன் வீட்டுக்காரரும் கூப்பிடுகிறார் என்று ஒரு வரி சேர்த்துக்கொள். அவன் வந்து பார்க்கப் போவதில்லை. கலியாணம் முடிந்து கடையில் கூட்டம் ஓயும்வரை அவனை விட மாட்டார்கள், அதற்குப் பிறகு என்னென்னவோ.

உன் வீட்டில் இடமில்லை என்று எனக்குத் தெரியாதா. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இத்தனை வருஷம் இருந்தவள் நான். எந்தப் பாய் எங்கே விரிக்கிறது, எந்தப் பிள்ளை யாருடைய காலடியில் படுக்கிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் நான் இடம் கேட்கவில்லை, கடிதம் மட்டும்தான் கேட்கிறேன். பதுளையில் பிள்ளை பெற்ற வீடுகளில் சமைத்துப் போட ஆள் தேடுவார்கள். கை கால் ஓடுகிற வரைக்கும் எங்கேயாவது ஒரு குசினி கிடைக்கும்.

இன்னொன்று. ஸரூக் என்னோடு பஸ்ஸில் வருவேன் என்று நிற்பான். ‘பஸ் நிலையத்தில் நானே வந்து நிற்பேன், மகன் வீணாக அலைய வேண்டாம்’ என்று அதையும் மறக்காமல் எழுது. எழுதினால் போதும். மெய்யாகவே நீ வர வேண்டாம். மாமியைத் தனியாக விட்டுவிட்டு வர உனக்கு ஏலாது.

அல்லாஹ் உன் பிள்ளைகளை உன் கண்முன்னாலேயே வைத்திருக்கட்டும். உன் மகள்மார் மூவருக்கும் நான் ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். மகன்மாருக்கும்தான்.

அடுத்த மாதக் கலியாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை புறப்படுகிறேன். பஸ் பின்னேரத் தொழுகைக்கு, அஸருக்கு முன்னால் பதுளைக்கு வந்துவிடுமாம்.

வஸ்ஸலாம்.
உன் ராத்தா ஹம்ஸியா