மூன்றிலும் ரிசர்வ்

அக்காவுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய், நலமறிய எனக்கு ஆவல் ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா சொல்லச் சொல்ல உனக்கு இத்தனை கடிதம் எழுதிக் கை பழகிப்போயிற்று, அந்த வரியைத் தொடாமல் பேனா நகர மாட்டேன் என்கிறது. அம்மா கடிதம் சொல்லும் விதம் உனக்கே தெரியும், தையல் மிஷினை மிதித்துக்கொண்டே சொல்வாள், மிஷின் நின்றால் நான் முற்றுப்புள்ளி வைப்பேன், நூல் அறுந்தால் புதுப் பத்தி. இன்று சாயங்காலமும் அப்படி ஒன்று எழுதினேன். எல்லாம் சந்தோஷம், எல்லாம் பெருமை, கடைசியில் எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு வந்து உன் தங்கச்சி ஓடுவதைப் பார் என்று. அதில் கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. இதில் இருப்பது என் பேச்சு. எல்லோரும் படுத்த பிறகு குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், யாராவது கதவைத் தட்டினால் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம். அம்மாவின் கவர் இன்னும் ஒட்டவில்லை, காலையில் அப்பா டூட்டிக்குப் போகும்போது எடுத்துப் போவார், அதற்குள் இதையும் மடித்து உள்ளே செருகிவிட வேண்டும். ஃபோனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்காதே. உன் கம்பெனி ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஃபோன் தருகிறார்கள், அதையும் இவர்கள் ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். நான் தும்மினால்கூட அது எல்லோருக்குமான தும்மல்.

உன்மேல் எனக்கு என்ன கோபம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டெர்ம் ஆரம்பத்தில் பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டில் பெயர் ஒட்டினார்கள். ரிலே ஓட்டத்துக்கு நாலு பேர், அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ரிசர்வ், அதில் நான். கோரஸ் பாட்டிலும் அப்படியே, மேடைக்குப் பின்னால் தொங்கவிடும் திரைச்சீலை வரைகிறவர்களிலும் அப்படியே. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நான் மூன்றிலும் ரிசர்வ் என்று சொன்னேன். நான் வருத்தமாகத்தான் சொன்னேன். அப்பாவுக்கு ரிசர்வ் என்றால் அவர் ஓட்டும் பஸ் ஒன்றுதான். எழுந்து உட்கார்ந்து, "அடி சக்கை! ரிசர்வ் பண்ணின சீட்டுல எவனாவது வந்து உக்காந்துடுவானா? இவளுக்குன்னு எடம் போட்டு வெச்சிருக்காங்கடி, அதுவும் மூணுலயும்!" என்று அம்மாவிடம் கத்தினார். அம்மா மிஷினை நிறுத்திவிட்டு என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். அப்படி இல்லை அப்பா, என்று நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் மாமா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார், அவர் காதிலும் போட்டாகிவிட்டது. "முன்னாடி சீட்டா, ஜன்னலோரமா?" என்று அவர் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஆனால் நீ சொல்லியிருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஸ்பீக்கரில், "உன் தங்கச்சி ரிசர்வ்டி! மூணுலயும்!" என்றாள். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா லைன் போய்விட்டது என்று நினைத்து ஃபோனைத் தட்டினாள். லைன் போகவில்லை என்று எனக்குத் தெரியும், உன் மூச்சு கேட்டது. நீ ஓடினவள். ரிசர்வ் என்றால் தண்ணீர் பாட்டில் தூக்குகிறவள் என்று இந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நீதான். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "சூப்பர்மா. ரிசர்வ்னா பெரிய விஷயம்மா" என்றாய். அப்பா தெரியாமல்தான் தப்பாகப் புரிந்துகொண்டார், நீ தெரிந்தே அதற்கு முத்திரை குத்திவிட்டாய். அதற்குப் பிறகு நான் தொண்டை கிழியக் கத்தினாலும் யார் நம்புவார்கள், அக்காவே சொல்லிவிட்டாளே. போதாததற்கு ஷூ வேறு அனுப்பினாய். அது உன் அளவு. இந்த வீட்டில் இருக்கிற பாதமெல்லாம் உன்னுடையது என்று நினைப்பா? முன்னால் பேப்பரைத் திணித்துப் போட்டுக்கொள்கிறேன், நடந்தால் எலி கடிப்பதுபோல் சத்தம் வருகிறது.

இந்த டெர்ம் எப்படிப் போனது என்று அம்மாவின் கடிதத்தில் படித்திருப்பாய், நான் சொல்வதையும் கேள். பி.டி. டீச்சர் இன்றுவரை என் பெயரைச் சொன்னதில்லை. காரிடாரில் உன் பெயரும் டைமும் வெள்ளை பெயிண்டில் எழுதிய போர்டு இருக்கிறதே, அதற்குக் கீழேதான் என்னை நிறுத்திப் பேசுவார், "ஏய் தங்கச்சி, பாட்டில்ல தண்ணி ரொப்பிட்டு வா. ஏய் தங்கச்சி, கோனெல்லாம் எடுத்து அடுக்கு." நான் யாருக்குத் தங்கச்சி என்று எல்லோருக்கும் தெரியும், நான் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. பாட்டு சார் முதல் நாளே என் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "நீ வாய மட்டும் அசைம்மா, சத்தம் அவங்க போட்டுக்குவாங்க" என்றார். அதனால் கோரஸில் கடைசி வரிசையில் நின்று மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன், இரண்டாவது சரணம் எனக்கு இன்னமும் தெரியாது. டிராயிங் மிஸ்ஸிடம் பிரஷ் கழுவும் வேலை. சொல்லப்போனால் அதெல்லாம் எனக்குக் கஷ்டமாகவே இல்லை. பெஞ்சில் பாட்டில்களோடு உட்கார்ந்திருப்பவளை யாரும் பார்ப்பதில்லை, திட்டுவதில்லை, டைம் எடுப்பதில்லை. டெர்ம் முடிகிறவரை அப்படியே ஓட்டிவிடலாம், விளையாட்டு தினத்தன்று காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

இந்த வாரம் எல்லாம் கெட்டுப்போயிற்று. திரைச்சீலையில் மேகம் போடுகிற பெண் வரவில்லை, மிஸ் என்னைக் கூப்பிட்டு, "நீதானே ரிசர்வ், வானத்த அடி" என்றார். இந்த டெர்மிலேயே எனக்குக் கிடைத்த ஒரு நல்ல மத்தியானம் அதுதான், முழங்கைவரை நீலமாகிவிட்டது. முடித்ததும் அவரே, "மேடைப் படில விரிச்சுக் காயப் போடு, அங்கதான் காத்து வரும்" என்றார், போட்டேன். அந்த நேரம் கோரஸ் பயிற்சி முடிந்து எல்லோரும் மேடையிலிருந்து இறங்கினார்கள். ரிலேயில் கடைசியாக ஓடுகிறவளை நாங்கள் ஸ்பிரிங் என்போம், அவளும் கோரஸில் இருக்கிறாள். ஈரத் துணியை மிதிக்கக் கூடாதே என்று நல்ல பிள்ளையாக ஓரமாகக் கால் வைத்தாள், படி விளிம்பில் மடங்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. இப்போது கட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை, வானம் நல்லா இருக்கு என்றுகூடச் சொன்னாள். ஆனால் டீம் கேப்டன் விடுவாளா? எல்லோர் முன்னாலும் வந்து, "நீ ஓடணும்னுதானே துணிய அங்க போட்டே? எடம் புடிக்க நல்லாதான் துண்டு போடுற" என்றாள். மிஸ் சொல்லித்தான் போட்டேன் என்றேன். மிஸ்ஸைக் கேட்டால், "நான் காயப் போடுன்னுதான் சொன்னேன், படின்னா சொன்னேன்?" என்கிறார். அத்தோடு என் கதை முடிந்தது. பி.டி. டீச்சர் கோட்டுக்கு மேலே ஸ்பிரிங்கின் பெயரை அடித்துவிட்டு என்னை ஏற்றிவிட்டார். "உங்க அக்கா பறந்த லேன். மானத்த வாங்கிடாத" என்று அதோடு ஒரு ஆசீர்வாதம்.

வீட்டில் வந்து, அம்மா, நான் இப்போ நிஜமாவே ஓடணுமாம் என்றேன். அம்மா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "நிஜமாவேன்னா? அப்போ இத்தன நாளும் பொய்யாவா ஓடினே?" என்றாள். அப்பா விளையாட்டு தினத்துக்காக டூட்டி மாற்றிக்கொண்டுவிட்டார், கண்டக்டர் மாமாவும் கூடவே வருகிறார், விசில் அடிப்பாராம். அம்மா எனக்கு ஒரு புது டிராயர் தைத்திருக்கிறாள், உன் பழைய டீம் கலரைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் வெள்ளைக் கோடு வைத்து. நன்றாகத்தான் இருக்கிறது. அதை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

நான் மெதுவாக ஓடுவேன் என்பது பயம் இல்லை. மெதுவாக ஓடிக் கடைசியாக வந்தால் ஒரு நாள் அழுதுவிட்டுப் போகலாம். பயம் வேறு. மூன்றாவதாக ஓடுகிறவள் கேப்டன். பேட்டனை என் கையில் கொடுக்க வேண்டியவள் அவள்தான். இரண்டு நாளாகப் பயிற்சியில் நான் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு ஓடுகிறேன், அவள் கொடுப்பதில்லை. ஒருமுறை என் விரலில் அடித்தாள். ஒருமுறை கொடுப்பதுபோல் வந்து கீழே விட்டுவிட்டு, "டீச்சர், இவ புடிக்கவே மாட்டேங்கிறா" என்று கத்தினாள். டீச்சர் தூரத்தில் நின்றார், அவருக்குத் தெரிந்தது தரையில் கிடந்த பேட்டனும் என் காலி கையும்தான். நேற்று கை கழுவும் இடத்தில் நான் தனியாக நின்றேன், அவள் பின்னால் வந்து குழாயை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு உன் அப்பா அம்மா முன்னாடி கீழ போடுவேன். நீதான் போட்டேன்னு சொல்லுவேன். ஸ்பிரிங் கால ஒடச்சே, இப்போ பேட்டனையும் போட்டேன்னு ஸ்கூலே சொல்லும். உன்ன யாருடி நம்புவா, நீ யாரு?" அவள் சொன்னதில் எனக்கு உறைத்தது கடைசிக் கேள்விதான். டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "ஓடுறதுக்கு முன்னாடியே சாக்கு ரெடியா? உங்க அக்கா ஒரு நாள் வாயத் திறந்திருப்பாளா?" என்றார். பார், அங்கேயும் நீ வாயைத் திறக்காததுதான் பெருமை.

காய்ச்சல் என்று படுத்துவிடலாம்தான். படுத்தால் துணி போட்டது வேண்டுமென்றுதான் என்று ஆகிவிடும், அதனால்தான் பயந்து ஒளிந்துகொண்டாள் என்பார்கள். அப்பா அந்த மைதானத்தில் நின்று அதைக் கேட்க வேண்டும். அவர் என்னை ஒன்றும் கேட்க மாட்டார், ரிசர்வ் என்று ஊரெல்லாம் சொன்னாரே, அதை நினைத்துத் தலை குனிவார். அதனால் ஓடுகிறேன். உன் ஷூவில் பேப்பர் திணித்துக்கொண்டு ஓடுகிறேன்.

நீ வருகிறாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது, பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறாய். வந்தால் ஃபினிஷிங் கயிற்றுப் பக்கம் நிற்காதே. அங்கே அப்பா, அம்மா, விசிலோடு மாமா, எல்லோரும் இருப்பார்கள், அங்கே நின்று உன் பழைய டீச்சர்களிடம் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தால் உன்னோடு நான் பேசுவது அதோடு சரி. கடைசி வளைவு முடிகிற இடத்தில், தண்ணீர் டேங்க் பக்கம் வந்து நில். அங்கே பெற்றவர்கள் யாரும் வருவதில்லை, அங்கிருந்து படம் நன்றாக விழாது. என்னைப் பார்க்காதே. அவள் கையைப் பார். எந்தக் கை விட்டது, எந்தக் கை பிடிக்க நீண்டது என்று பார்த்த உடனே சொல்லத் தெரிந்தவள் நீ ஒருத்திதான், நீ சொன்னால் அந்த டீச்சர் கேட்பார், உன் பெயர் சுவரில் இருக்கிறது. போன தடவை தெரிந்தும் பேசாமல் இருந்தாய். இந்தத் தடவை தெரிந்தால் சத்தமாகச் சொல். அதற்கு மட்டும் வா, வேறு எதற்கும் வர வேண்டாம்.

அம்மா இந்த இடத்தில் ஆசீர்வாதம் எழுதச் சொல்வாள். நான் உனக்குச் சின்னவள், என்னால் அதெல்லாம் அனுப்ப முடியாது, கோபம்தான் இருக்கிறது, அதை முழுசாக அனுப்பியிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, ஓவர்டைம் என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, இது அம்மா சொன்னது, அவள் கடிதத்தில் எழுத மறந்துவிட்டேன்.

ஒன்றை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் பேசும்போது இதைப் பற்றி மூச்சு விடாதே. நீ வருவதாக இருந்தால் என்னிடம் ஷூ சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேள். கச்சிதமாக இருக்கிறது அக்கா என்று எல்லோர் முன்னாலும் பொய் சொல்வேன். நீ கேட்காவிட்டாலும் பரவாயில்லை, எனக்குப் புரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கச்சி
(டீச்சர் கூப்பிடும் தங்கச்சி இல்லை, உன்னுடையவள்)