கனடாவுக்குச் சரி என்று பதில் போடு

நாராயணவனம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் தரணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் நைனாவும் சுகம் என்று எழுதினால் இந்த முறை நீ நம்பமாட்டாய், அப்படிச் சொல்லித்தானே உன்னை மூன்று மாதம் ஏமாற்றினேன். ஆனால் இது நிஜம். இன்று காலை வாசல்வரை கைத்தடி இல்லாமல் நடந்தார், இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஜெர்மனியில் குளிர் குறைந்ததா, வெறும் ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்கிறாயா என்பதையெல்லாம் மறைக்காமல் எழுது, மறைப்பதற்கு இந்த வீட்டில் நான் ஒருத்தி போதும்.

போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், உன் அண்ணி ரூபா போட்டோ எடுத்து அனுப்புவாள். கனடாவில் கிடைத்த அந்தப் போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலை வேண்டாம், திருப்பதியில் ஏதாவது காலேஜில் பாடம் நடத்திக்கொண்டு நைனா பக்கத்திலேயே இருந்துவிடுகிறேன் என்று நேற்று சொன்னாயே, அதைக் கேட்டதும் போனை ரூபாவிடம் கொடுத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், நீ கனடாவுக்குப் போ.

நைனாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று திருப்பதி ஆஸ்பத்திரியில் ஃபாரம் எழுதிய பெண் தாய்மொழி என்ன என்று கேட்டாள். வீட்டில் தமிழ் பேசினாலும், ரேஷன் கார்டிலிருந்து பட்டா வரைக்கும் இந்த ஆந்திரப் பக்கத்தில் எந்தக் காகிதத்துக்கும் தெலுங்கு என்று சொல்லித்தானே பழக்கம், யோசிக்காமல் தெலுகே என்றுவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அவரும் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், புத்தூர் மாங்காய் மண்டியில் முப்பது வருஷம் தெலுங்கிலேயே பேரம் பேசியவர். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் தங்கமானவள், ஃபாரத்தைப் பார்த்துத் தெலுங்குப் பட அட்டைகளைக் கொடுத்து, வீட்டிலும் இந்தப் பாஷையிலேயே பேசுங்கள் என்றாள். நானும் என் ஓட்டைத் தெலுங்கில் நீள்ளு காவாலா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒகட்டி, ரெண்டு என்று இருபதுவரை எண்ணுவார், அதற்குமேல் என்னை வேற்றாள் மாதிரிப் பார்ப்பார். இதைச் சொன்னால் படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவருவாய் என்று பயந்து, நன்றாகத்தான் பேசுகிறார், போனில் பேசத்தான் கூச்சம் என்று உன்னிடம் பொய் சொன்னேன். கடைசியில் ரூபா உளறிவிட்டாள். நீ அழுதாய், என்னைத் திட்டினாய், பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு நீ கேட்ட முதல் கேள்வி, எந்தப் பாஷையில நைனாகிட்ட பேசிக்கினு கீறீங்க என்பது. இங்கே எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லையே கண்ணு. அன்றைக்கு மத்தியானமே அட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, இன்னாத்துக்கு துன்னாம மொறைச்சிக்கினு கீறீங்க என்று நம் பாஷையில் ஒரு அதட்டல் போட்டேன். ரொம்ப நேரம் உதட்டை அசைத்துவிட்டு, உப்பு இல்ல என்றார். முப்பத்திரண்டு வருஷமாக என் சமையலில் குற்றம் சொல்கிறாரே என்று எரிச்சல்படுவேன், அன்றைக்கு அதைக் கேட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

பாஷையை மாற்றினால் எல்லோருக்கும் இப்படிப் பேச்சு வராது அம்மா, ஏன் சிலருக்கு வருகிறது என்று இன்னும் சரியாகத் தெரியாது, இரண்டு பாஷைக்காரர்களை மெஷினில் படுக்கவைத்து மூளையைப் படம் எடுத்து கனடாவில் அதைத்தான் தேடப் போகிறார்கள் என்று நீதானே சொன்னாய். அதைப் போய் வேண்டாம் என்கிறாயே. உன் நைனாவுக்காக அந்தக் கேள்வியைக் கேட்க நீ இருந்தாய். நகரியிலும் வரதய்யபாளையத்திலும் இப்படி வாயடைத்துப் படுத்திருப்பவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? தாய்மொழி என்ன என்று கேட்காதே, வீட்டில் எந்தப் பாஷையில் சண்டை போடுவீர்கள் என்று கேள் எனச் சொல்லிக்கொடுக்க விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். எதிர்வீட்டு கங்கம்மா, டாக்டர் பட்டம் வாங்கினப்புறம் இன்னும் இன்னா படிப்பு, கல்யாணம் எப்போ என்று துளைத்துக்கொண்டுதான் இருக்கிறாள், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெண் நமக்காக இங்கேயே வந்துவிடுகிறாளாம் என்று நேற்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கையை ஆட்டி ஆட்டி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, எனுக்கோசரம் வர வாணாம், போவச் சொல்லு என்றார். அதைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. நோய் வந்த பிறகு அவர் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

இனி உன்னிடம் பொய் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு நீ வரவேண்டும். காலையில் எழுந்தால் உன் முகத்தைப் பார்க்கவேண்டும், பிடித்து உட்காரவைத்துத் தலை வாரிவிடவேண்டும். அவருக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லை தரணி. இருந்தும் போ என்றுதான் எழுதுகிறேன்.

கல்யாண வெங்கடேசப் பெருமாள் போகிற இடமெல்லாம் உனக்குத் துணையாக இருக்கட்டும், எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றாய், மறக்காமல் அதற்குள் சரி என்று பதில் போட்டுவிட்டு எனக்குப் போன் செய். நீ சொன்னதைக் கேட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால், லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே, இந்தப் பக்கம்தான் இருப்பேன்.

உன் அம்மா,
செங்கம்மா